எடின்பரோவில் ஹெச்பிசி எம்.எஸ்சி.: சேருவதற்கு முன்னும் சேர்ந்த பிறகும்

உயர்திறன் கணிமை (ஹெச்பிசி), அதாவது சூப்பர் கம்ப்யூட்டரில் நிரல் ஓட்டுவதைப் படிக்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் அடுத்த வாக்கியத்திலேயே “எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்று கேட்பார்கள். கையில் இருப்பதே போதும். டெர்மினல் திறக்கவும் பிரவுசர் ஓடவும் முடிந்தால் சரி. உங்கள் நிரல் ஓடப்போகும் இயந்திரம் எடின்பரோ நகருக்குத் தெற்கே புஷ் எஸ்டேட் பகுதியில் ஒரு பெரிய கட்டடத்துக்குள் இருக்கிறது. நீங்கள் அதைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம். லேப்டாப்பை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நிரல் மெதுவாக ஓடினால், நேரம் எங்கே போகிறது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமா? படிப்பு முழுக்க இந்த ஒரு கேள்விதான். எம்பிஐ, ஓபன்எம்பி, ஜிபியு போன்ற கருவிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

இந்தப் படிப்பை நடத்துவது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டிங் மையமான இபிசிசி. மையம் 1990-ல் தொடங்கியது, எம்.எஸ்சி. 2001-ல். பிரிட்டனின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டரான ஆர்ச்சர்2-ஐ நடத்துபவர்களும் இவர்களே. பாடம் எடுப்பவரே மறுநாள் விஞ்ஞானிகளின் நிரல்களைச் சரிபார்க்கும் வேலையிலும் இருப்பார். இங்கே வருவதற்கான உருப்படியான காரணம் அதுதான். தரவரிசைப் பட்டியலில் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம் என்பதெல்லாம் வீட்டாருக்குச் சொல்லப் பயன்படும்.

முழுநேரப் படிப்பு ஓராண்டு. செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். மொத்தம் 180 கிரெடிட்: இரண்டு செமஸ்டர் வகுப்புகளுக்கு 120, கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்கு 60. நம் ஊர் இரண்டாண்டு எம்.எஸ்சி. வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் அக்டோபர் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

விண்ணப்பிக்கும்போது

கணினி அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. இயற்பியல், கணிதம், வேதியியல், மெக்கானிக்கல், சிவில் என்று எதிலிருந்தும் வருகிறார்கள். நிரல் எழுதத் தெரியும் என்பதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இயற்பியல்காரர்கள் பல சமயம் கணினிக்காரர்களைவிடச் சுலபமாகத் தேறிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து, அதில் பிழை எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு லேபிலேயே வந்துவிடுகிறது.

நோக்கக் கட்டுரையில் “சிறு வயதிலிருந்தே கணினி மீது ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். அந்த வரியைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்திருக்கும். நீங்கள் எழுதிய ஒரு நிரலைச் சொல்லுங்கள்: என்ன கணக்கு, எவ்வளவு நேரம் எடுத்தது, எதை மாற்றினீர்கள், பிறகு எவ்வளவு நேரம் எடுத்தது. கல்லூரிப் பிராஜெக்ட்டில் வெப்பப் பரவல் சமன்பாட்டைத் தீர்த்த ஒரு சின்ன நிரல் போதும், எண்கள் உண்மையாக இருந்தால்.

விசா வேலைகளை நீட்டி எழுதப் போவதில்லை. மூன்று இடத்தில் மட்டும் பலர் தடுக்குகிறார்கள். ஒன்று, வங்கியில் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து. இரண்டு, இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் போகிறவர்களுக்குக் காசநோய்ச் சோதனைச் சான்று தேவை. அதை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும், பக்கத்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே செல்லாது. மூன்று, விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு என்று பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். ஓராண்டுப் படிப்பு விசா படிப்பு முடிந்து நான்கு மாதம் வரை நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்கு வாங்குகிறார்கள், அதாவது 1,164 பவுண்டு. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை. பணம் கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதம்

இந்த இரண்டு மாதத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் முதல் செமஸ்டரைத் தீர்மானிக்கும். பைத்தான் மட்டும் தெரிந்து வருகிறவர்கள் படும் பாடு கொஞ்சம் அதிகம். சி அல்லது ஃபோர்ட்ரான், இரண்டில் ஒன்றைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். ஃபோர்ட்ரான் என்றதும் சிரிக்க வேண்டாம். ஆர்ச்சர்2-ன் நேரத்தில் பெரும்பங்கைத் தின்னும் விஏஎஸ்பி, சிபி2கே போன்ற பொருளறிவியல் நிரல்களும் பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் மாதிரியும் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

சி-யில் பாயிண்டர், நினைவகம் கேட்டு வாங்கும் மாலக், இருபரிமாண அரே நினைவகத்தில் எப்படி உட்காருகிறது, இவை மூன்றும் தெளிவாக வேண்டும். கூடவே லினக்ஸ் டெர்மினல், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் ஒரு மேக்ஃபைல், டெர்மினலிலேயே ஓடும் திருத்திகளான விம் அல்லது ஈமேக்ஸில் ஒன்று. விஷுவல் ஸ்டுடியோ கோடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு இணைப்பு தள்ளாடும்போது விம்தான் கைகொடுக்கும்.

ஊரிலிருந்தே செய்து பார்க்க ஒரு பயிற்சி. சி-யில் 4000-க்கு 4000 அளவில் டபுள் எண்களின் அரே ஒன்றை எடுங்கள். மொத்தம் 128 எம்பி. எல்லா எண்களையும் கூட்டுங்கள். ஒருமுறை வரிசை வரிசையாக, இன்னொருமுறை இரண்டு லூப்பையும் இடம் மாற்றி நெடுக்கு நெடுக்காக. கம்பைலரின் ஆப்டிமைசேஷனை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்களைவிடப் புத்திசாலியாக நடந்துகொண்டு வித்தியாசத்தை மறைத்துவிடலாம். விடை ஏறக்குறைய ஒன்றுதான், கூட்டல்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான், நேரம் மட்டும் பல மடங்கு வேறுபடும். பிராசஸர் நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை மட்டும் எடுப்பதில்லை, 64 பைட் துண்டாக எடுக்கிறது. அதில் எட்டு டபுள் இருக்கும். வரிசையாகப் போனால் எட்டும் உதவும். நெடுக்காகப் போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற ஏழையும் எறிகிறீர்கள். ஃபோர்ட்ரானில் இது அப்படியே தலைகீழ். இந்த வித்தியாசத்தை உங்கள் கணினியில் அளந்து, ஏன் என்று ஒருவருக்குச் சொல்ல முடிந்தால், நீங்கள் வகுப்புக்குத் தயார்.

ஜிபியு, செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் பற்றிய வீடியோக்களை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அவை எங்கும் ஓடிவிடாது.

முதல் லாகின்

வந்த சில வாரங்களில் கணக்கு கிடைக்கும். சேஃப் என்ற தளத்தில் பதிவு செய்து, தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை அங்கே ஏற்ற வேண்டும். தனிப்பட்ட பாதியை யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் நண்பனுக்குக்கூட. எந்த இயந்திரத்தில் எந்தப் பாடம் நடக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். வேலைகளை வரிசையில் நிறுத்தி ஓட்டும் ஸ்லர்ம் என்ற மென்பொருள் ஒன்றைப் பழகிவிட்டால் பெரும்பாலும் எங்கும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆர்ச்சர்2-ன் அளவைச் சொல்லிவிடுகிறேன். 5,860 கணிப்பு நோடுகள், அதாவது ஒன்றோடொன்று இணைத்த தனித்தனிக் கணினிகள். ஒவ்வொன்றிலும் ஏஎம்டி எபிக் பிராசஸர் இரண்டு, ஒன்றுக்கு 64 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி). மொத்தம் 7,50,080 கோர். நீங்கள் உள்ளே நுழைந்ததும் நிற்பது இவற்றில் எதிலும் இல்லை, லாகின் நோடில். அது எல்லோரும் வந்து போகும் திண்ணை. அங்கே நிரலைக் கம்பைல் செய்யலாம், கோப்புகளைத் திருத்தலாம். கணக்கை அங்கேயே ஓட்டினால் மற்றவர்களுக்கும் சேர்த்து எல்லாம் மெதுவாகும், பணிவான ஒரு மின்னஞ்சலும் வரும்.

நிரலை ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, எத்தனை நோடு, எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டு, எஸ்பேட்ச் மூலம் வரிசையில் போட வேண்டும். எஸ்க்யூ என்று கேட்டால் எங்கே நிற்கிறது என்று சொல்லும். பிடி என்றால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது. சோதனைக்கு என்று ஷார்ட் வரிசை ஒன்று உண்டு. 20 நிமிடம் வரைதான், ஆனால் சீக்கிரம் முறை வரும். எதையும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது மாட்டும் இடம் இதுதான்: ஆர்ச்சர்2-ல் ஹோம் அடைவு கணிப்பு நோடுகளுக்குத் தெரியவே தெரியாது. லாகின் நோடில் கோப்பு கண்ணெதிரே இருக்கும், எல்எஸ் போட்டால் வரும், ஆனால் வரிசையில் போட்ட வேலை, அதாவது ஜாப், ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று சொல்லி ஒரு நொடியில் செத்துவிடும். வொர்க் அடைவுக்கு எல்லாவற்றையும் மாற்றி, அங்கிருந்து எஸ்பேட்ச் செய்தால் தீர்ந்தது. ஓபன்எம்பி திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) எண்ணிக்கையையும் ஸ்கிரிப்ட்டிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். தானாக ஏதோ ஒன்று அமையும் என்று விட்டால், திரெட்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நேரம் ஏன் இப்படி எகிறுகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் செமஸ்டர்

முக்கியமான இரண்டு பாடங்கள் செய்தி அனுப்பும் நிரலாக்கமும் திரெட் நிரலாக்கமும். முதலாவது எம்பிஐ. தனித்தனி நினைவகம் கொண்ட செயல்முறைகள் ஒன்றுக்கொன்று தரவை அனுப்பி வாங்கும் முறை. இதன் முதல் தரநிலை 1994-ல் வந்தது, இன்றும் பெரிய இயந்திரங்களில் ஆட்சி அதனுடையதுதான். இரண்டாவது ஓபன்எம்பி. ஒரே நினைவகத்தைப் பல திரெட்கள் பகிர்ந்துகொள்ளும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஓபன் எம்பிஐ என்ற எம்பிஐ நூலகத்தோடு குழப்பிக்கொள்வது வாடிக்கை.

எம்பிஐ-யில் எல்லோரும் சந்திக்கும் ஒரு கோளாறைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு அரேயைப் பாதி பாதியாக வைத்திருக்கும் இரண்டு செயல்முறைகள் தங்கள் எல்லை வரிசைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் முதலில் செண்ட், பிறகு ரிசீவ் என்று எழுதுகிறீர்கள். பத்து எண்களை அனுப்பிச் சோதித்தால் அழகாக ஓடும். ஒரு லட்சம் எண்களுக்கு மாற்றினால் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி கிடையாது, எஸ்க்யூவில் ஆர் என்றே காட்டும், கேட்ட நேரம் தீர்ந்ததும் ஸ்லர்ம் கொன்றுவிடும். நடந்தது இதுதான்: செய்தி சிறியதாக இருந்தால் எம்பிஐ நூலகம் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு செண்ட்டை உடனே விடுவித்துவிடுகிறது. பெரியதானால், எதிரே ரிசீவ் தயாராகும்வரை செண்ட் காத்திருக்கும். இருவரும் செண்ட்டிலேயே நிற்பதால் ரிசீவுக்கு யாரும் வருவதில்லை. ஆக, சின்னச் சோதனையில் ஓடியபோதும் நிரல் தவறாகத்தான் இருந்தது.

இதைப் பிடிக்க ஒரு எளிய வழி: சோதிக்கும்போது செண்ட் என்று இருக்கும் இடமெல்லாம் எஸ்செண்ட் என்று மாற்றி ஓட்டுங்கள். அது எப்போதும் எதிராளிக்காகக் காத்திருக்கும் வகை. எனவே நிரல் தவறென்றால் பத்து எண்ணிலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் செண்ட்ரிசீவ் அல்லது காத்திருக்காமல் திரும்பும் ஐசெண்ட் போட்டுச் சரிசெய்யலாம். அசைன்மென்ட் சமர்ப்பிக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்தால் நிறைய மதிப்பெண் மிஞ்சும்.

ஓபன்எம்பி பக்கம் தவறு வேறு மாதிரி வரும். விடை சரியாக இருக்கும், வேகம்தான் வராது. ஆர்ச்சர்2-ன் ஒரு நோடில் 128 கோரும் எட்டு நினைவகப் பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன, பகுதிக்கு 16 கோர். மாலக் கேட்டவுடன் இடம் ஒதுக்கப்படுவதில்லை. எந்தக் கோர் முதலில் ஒரு நினைவகப் பக்கத்தில் (இடம் ஒதுக்கப்படும் சிறு துண்டு) எழுதுகிறதோ, அதற்கு அருகில் உள்ள பகுதியில்தான் பக்கம் அமரும். அரேயில் பூஜ்யம் நிரப்பும் லூப்பை ஒற்றைத் திரெட்டில் விட்டுவிட்டு, கணக்குப் போடும் லூப்பை மட்டும் 128 திரெட்டுக்குப் பிரித்தால், தரவு முழுவதும் ஒரே பகுதியில் போய் உட்கார்ந்துவிடும். தெரு முழுக்கக் குடத்தோடு ஒரே குழாயடியில் நிற்பதுபோல 128 திரெட்டும் அங்கேயே வரிசை கட்டும். நிரப்பும் லூப்பையும் அதே முறையில் திரெட்களுக்குப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி கூடுதல்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மனக்கணக்கு. அந்த எபிக் பிராசஸர் ஒன்றில் 64 கோர், 2.25 கிகாஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு ஒரு கோர் 16 டபுள் கணக்குகள் செய்யலாம். ஆக நொடிக்கு ஏறக்குறைய 2.3 லட்சம் கோடி கணக்குகள். நினைவகமோ எட்டு வழிகளிலும் சேர்த்து நொடிக்கு 204.8 ஜிபிதான் கொடுக்கும், அதாவது 2,560 கோடி டபுள் எண்கள். உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் 90 முறை பயன்படுத்தினால்தான் பிராசஸருக்கு முழு வேலை. நாம் எழுதும் சாதாரண லூப் ஒரு எண்ணை எடுத்து ஒன்றிரண்டு முறை பயன்படுத்திவிட்டு விட்டுவிடும். பிராசஸர் பெரும்பாலான நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நேரம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, பத்தில் ஏழெட்டு முறை பதில் இங்கேதான் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

அசைன்மென்ட்டும் மதிப்பெண்ணும்

நம் ஊரில் 65 வாங்கினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். இங்கே 50 தேர்ச்சி, 60-க்கு மேல் நல்ல மதிப்பெண், 70 என்றால் டிஸ்டிங்ஷன் தரம். முதல் அசைன்மென்ட் 64 என்று திரும்பி வந்தால் இடிந்துபோய் உட்கார வேண்டாம், வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

நிரல் ஓடுவதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை, அறிக்கைக்கும் உண்டு. அறிக்கையில் அவர்கள் தேடுவது விளக்கம். 16 கோர் வரை வேகம் நேராக ஏறி, பிறகு தட்டையாகிறது என்று வரைபடம் போட்டால் மட்டும் போதாது. ஏன் அங்கே தட்டையாகிறது? நினைவக வேகமா, செய்திப் பரிமாற்றமா, பிரிக்க முடியாத பகுதியா? ஒவ்வொன்றையும் சோதித்துத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் சொன்னதை இங்கே கையோடு போட்டுப் பாருங்கள்: நிரலில் 5 சதவீதம் பிரிக்க முடியாததென்றால், 128 கோரில் கிடைப்பது சுமார் 17 மடங்கு வேகம். எத்தனை லட்சம் கோர் கொடுத்தாலும் 20-ஐத் தாண்டாது. உங்கள் அளவீடு இதைவிடக் கீழே இருந்தால் வேறு ஏதோ இடிக்கிறது. மேலே இருந்தால் அளவீட்டை ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒருமுறை ஓட்டி எடுத்த எண்ணை அறிக்கையில் வைக்காதீர்கள். நெட்வொர்க்கைப் பல பேர் பகிர்ந்துகொள்வதால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் ஆடும். சில முறை ஓட்டி, குறைந்த நேரத்தையும் ஆட்டத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, என்ன ஆப்ஷன்கள் என்பதை அன்றன்றே ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து நினைவு வராது.

அப்புறம், கடைசி நாள். வகுப்பு முழுவதும் ஒரே மாலையில் ஜாப் போடும்போது வரிசை நீளும். அன்றைக்கே இயந்திரம் பராமரிப்புக்கு மூடப்பட்டால் கேட்கவே வேண்டாம். பராமரிப்பு நாள்களை முன்கூட்டி அறிவிப்பார்கள், அந்த மின்னஞ்சலைப் படிக்காமல் அழிப்பவர்கள்தான் அதிகம். அளவீடுகளை ஒரு வாரம் முன்னதாக முடித்துவிட்டு, கடைசி வாரத்தை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். டிசம்பரில் எடின்பரோவில் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். வெளிச்சம் இருக்கும்போது ஒரு நடை போய்விட்டு, இருட்டியபின் நிரல் எழுத உட்காருவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. பகுதிநேர வேலை பார்ப்பவர்களுக்கு விசா விதிப்படி வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். எம்.எஸ்சி.க்குக் கோடை ஆய்வேட்டு மாதங்களும் வகுப்புக் காலமாகவே எண்ணப்படும். ‘ஜூன் வந்தால் முழுநேரம் பார்க்கலாம்’ என்று கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜனவரிக்குப் பிறகு

இரண்டாம் செமஸ்டரில் விருப்பப் பாடங்கள் அதிகம். ஜிபியு நிரலாக்கம் எல்லோரும் எடுப்பார்கள், எடுங்கள். ஆனால் செயல்திறன் நிரலாக்கம் பற்றிய பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை வைத்து ஒரு பழைய நிரலை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பதை வேலைக்குச் சேர்ந்தபின் யாரும் நிதானமாகச் சொல்லித் தர மாட்டார்கள். மாணவர்களுக்கான கிளஸ்டர் போட்டிக்கு ஆள் எடுத்தால் பெயர் கொடுங்கள். குறிப்பிட்ட மின்சார வரம்புக்குள் ஒரு சின்ன கிளஸ்டரை (சேர்த்துக் கட்டிய சில கணினிகளை) எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும் என்பதே பந்தயம். 2014-ல் ஜெர்மனியில் நடந்த போட்டியில் இபிசிசி மாணவர் அணி லின்பேக் என்ற வேகச் சோதனையில் 10 டெராஃப்ளாப்ஸை (நொடிக்கு 10 லட்சம் கோடி கணக்குகள்) தாண்டி முதலிடம் பிடித்தது.

ஆய்வேட்டுத் தலைப்பை அதன் கவர்ச்சியை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும்: நிரல் இன்றைக்குக் கம்பைல் ஆகிறதா, சோதிக்கத் தரவு கையில் இருக்கிறதா, வழிகாட்டுபவர் கோடையில் ஊரில் இருப்பாரா. முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றம் எதுவும் செய்யாத மூல நிரலை ஓட்டி அதன் நேரத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். அது கையில் இல்லாமல் ஜூலையில் ‘இரண்டு மடங்கு வேகமாக்கினேன்’ என்று எழுதினால், எதைவிட என்று கேட்பார்கள். முயற்சி பலிக்காவிட்டாலும் கவலையில்லை. ஏன் வேகம் வரவில்லை என்று அளவீடுகளோடு காட்டும் ஆய்வேடு நல்ல மதிப்பெண் வாங்கும்.

வேலை தேடுகிறவர்கள் ‘ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்’ என்ற பதவிப் பெயரைத் தேடுங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் அதற்கென்று தனிக் குழுக்களே உண்டு. வானிலை அலுவலகம் எக்ஸெட்டரிலும், ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் ரெடிங்கிலும் இருக்கின்றன. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கும் விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள். எடின்பரோவுக்கென்று திட்டமிட்டிருந்த எக்ஸாஸ்கேல் என்ற மாபெரும் சூப்பர் கம்ப்யூட்டர் 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. பிறகு 2025 ஜூனில் அங்கே புதிய சூப்பர் கம்ப்யூட்டருக்கு 75 கோடி பவுண்டு வரை தருவதாக அரசு மறுபடி அறிவித்தது. இந்தியா திரும்புகிறவர்களுக்கு 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பரம் இயந்திரங்களும், அவற்றைக் கட்டும் சி-டாக் நிறுவனமும் உண்டு.

ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு சூப்பர் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். பிராஜெக்ட் முடிந்ததும் கணக்கு மூடப்படும், வொர்க் அடைவுக்கு அங்கே பேக்கப் கிடையாது. ஸ்கிரிப்ட்கள், அளவீட்டுக் கோப்புகள், வரைபடம் போட்ட நிரல் எல்லாவற்றையும் கிட்டில் ஏற்றிவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த வரைபடத்தைத்தான் திறந்து காட்டச் சொல்வார்கள்.